அறுநூறு கஜம்

"அக்கா, இதுவும் கோணல்!"

தோட்டாவை அளவுமானியில் படுக்கவைத்து உருட்டிய நெல்ஸ் உதட்டைப் பிதுக்கினான். அளவுமானியின் முள் இப்படியும் அப்படியும் துள்ளியது. பித்தளைக் குப்பியின் வாயில் குண்டு நேராக உட்காரவில்லை. ஐந்தில் ஐந்தும் அதே லட்சணம்.

ஆர்டித் காபிக் கோப்பையை ஓரமாக வைத்தாள். "நாளைக்குக் காலையில சுடணும்டா. உங்க அத்தான் முப்பத்தொரு வருஷமா, அறுநூறு கஜத்துல நிக்கிற அந்த இரும்புத் தகட்டைக் குண்டால தொட்டதே இல்ல. துப்பாக்கி கிளப்புல அவரு பேரைச் சொன்னாலே சிரிக்கிறானுங்க. நாளைக்குத் தொட்டே ஆகணும்."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"ஹார்லன் என்னிக்கு வாயத் திறந்தாரு, இன்னிக்குத் திறக்க?"

நெல்ஸ் சிரித்துவிட்டான். வயோமிங் காற்று நல்ல குண்டையே சும்மா விடாது. கோணல் குண்டு என்றால் கேட்கவே வேண்டாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

குண்டுகளைப் பதமாகக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். காலிக் குப்பியை உருட்டினான். முள் அசையவில்லை.

"குப்பிமேல தப்பில்ல. கழுத்தும் சீரா இருக்கு."

"அப்ப குண்டைக் குப்பியில அமுக்குற அச்சு, அந்த டை, தேஞ்சு போச்சோ?"

"பார்த்துடலாம்." டப்பாவிலிருந்து சாதாரணக் குண்டு ஒன்றை எடுத்து, அதே டையில் அமுக்கினான். உருட்டினான். முள் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"டையும் யோக்கியம்தான். உன் குண்டுலதான் வில்லங்கம். கொடு இப்படி."

ஆர்டித் தயங்கித் தயங்கி நீட்டினாள். நெல்ஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான். குண்டின் நுனியில் உள்ள குழி மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது. மெழுகு ஒரு பக்கமாக மேடு தட்டி நின்றது.

"அடக் கடவுளே! அமுக்குற தண்டு இந்த மேட்டுல இடிச்சு, குண்டைச் சாய்க்குது. எதுக்குக்கா இவ்வளவு அடைச்சே?"

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு... மனசு கேக்கல."

நெல்ஸ் வெள்ளைத் துணியை விரித்தான். ஆர்டித் பேனாக்கத்தியால் மெழுகை வழித்து நுனியைச் சமமாக்கினாள். ஒரு துகள்கூடத் துணிக்கு வெளியே விழாமல் பார்த்துக்கொண்டாள்.

மறுபடி அமுக்கினார்கள். உருட்டினார்கள். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"இனிமே அத்தான் சாக்குச் சொல்ல முடியாது" என்றான் நெல்ஸ். ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை, மைதானத்தில் கிளப்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். பள்ளத்துக்கு அப்பால் வெள்ளைத் தகடு சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. துப்பாக்கியின் பின்னால் படுத்தவள் ஆர்டித்.

முதல் தோட்டா தகட்டுக்கு இடப்பக்கம் புழுதியைக் கிளப்பியது.

"அவரு வழக்கம்தானே!" என்றாள் அவள். யாரோ செருமினார்கள்.

காற்று ஓயும்வரை காத்திருந்து இரண்டாவதைச் சுட்டாள். இரண்டு விநாடி மௌனம். பிறகு பள்ளத்தைத் தாண்டி வந்தது, டங்!

"தொட்டுட்டாருக்கா!" என்று கூவினான் நெல்ஸ்.

ஆர்டித் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உயிரோட இருந்தவரைக்கும் குண்டை அனுப்பி அனுப்பிப் பார்த்தாரு, முடியல. அவரு சாம்பலை ஒரு சிட்டிகை நுனியில அடைச்சு அனுப்பினேன், இன்னிக்குத் தானே போய்த் தட்டிட்டாரு!"