நோயில்லாத ஊர்

சொந்த அக்காவை, அதுவும் கேன்சர் வந்து தலைமுடியெல்லாம் கொட்டிப்போன அக்காவை, பாதி வைத்தியத்தில் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டாள் தையல்காரி. தெரு சும்மா இருக்குமா?

"தூக்கி வளர்த்தவளாமே! இவளெல்லாம் ஒரு மனுஷியா?" என்றாள் மாடிவீட்டுக்காரி. தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரம்மா நேராக வந்தே கேட்டுவிட்டாள்.

தையல்காரி மிஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"என்னால பார்த்துக்க முடியலைம்மா. அனுப்பிட்டேன்."

அவ்வளவுதான். நெஞ்சழுத்தக்காரி என்று முடிவு கட்டியாகிவிட்டது.

நடந்தது வேறு. அதை அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாது, பாவம்.

டவுன் ஆஸ்பத்திரியில் டவுன்காரர்களுக்கு உடனே வைத்தியம். வெளியூர் என்றால் அவரவர் வட்டார ஆஸ்பத்திரியில் பெயரைக் கொடுத்துவிட்டு, டாக்டர் பார்க்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதற்குள் ஆள் போய்விட்டால் என்ன நோய் என்றுகூட எந்தக் கணக்கிலும் ஏறாது.

தையல்காரியின் ஊர் மலைக்கு அந்தப்பக்கம். அங்கே யாருக்குக் கட்டி வந்தாலும் இவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இவளும் முகம் சுளிக்காமல், என் வீட்டு விலாசத்தையே சொல்லிக்கலாம் வாங்க என்று கூட்டிப்போவாள். பதிவு கவுண்டரில் இருந்த பெண்ணும் நல்லவள். தெரிந்தும் தெரியாத மாதிரி ஏற்றிக்கொள்வாள். இப்படியே தையல்காரிக்கு ஏகப்பட்ட பெரியம்மாக்கள், சித்தப்பாக்கள் சேர்ந்துபோனார்கள். கடைசியாக வந்தவள்தான் கூடப்பிறந்த அக்கா.

ஒருநாள் சுகாதார ஆபீசர் தெருவுக்கு வந்தார். டவுனிலேயே இந்தத் தெருவில்தான் கேன்சர் அதிகமாம். தண்ணீரைப் பிடித்துக்கொண்டார், மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டார். தெரு ஆடிப்போனது. செல்போன் டவர்தான் காரணம் என்று ஒரு கோஷ்டி, சாயப்பட்டறைதான் என்று இன்னொரு கோஷ்டி. மாடிவீட்டுக்காரி காய்ச்சின தண்ணீரையே மறுபடி காய்ச்ச ஆரம்பித்தாள்.

தையல்காரிக்குக் காரணம் தெரியும். நல்லவேளை, ஆபீசர் கையில் இருந்தது தெருக் கணக்கு மட்டும். எந்த வீடு என்று அதில் இல்லை. அவர் வீட்டுக்குள்ளேயே வந்து ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. உங்க தெருவுக்கே பரிசோதனை நிலையம் வருது. கட்டி சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிச்சிடலாம்."

கட்டிலில் படுத்திருந்த அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்களிலும் அப்படி ஒன்று வரப்போவதாகச் சொன்னார்களே என்று கேட்டாள்.

"அங்க எதுக்கும்மா? கொடுத்து வெச்ச ஜனங்க. நல்ல காத்து, நல்ல தண்ணி. எங்க கணக்குல அங்க ஒருத்தருக்குக்கூட கேன்சர் இல்லை. அங்க வரவேண்டியதைத்தான் இங்க மாத்தியிருக்கோம்."

அவர் போன பிறகு அக்கா விரல் விட்டு எண்ணினாள். பால்காரர், கொல்லன் பெண்டாட்டி, டீச்சரின் புருஷன் என்று ஊரில் கட்டி வந்து ஒவ்வொருவராய்ச் செத்துப்போனது அவளுக்குத் தெரியும். அவள் கட்டியும் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல்தான் வளர்ந்தது. அவள் மகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள், கைக்குழந்தையோடு.

மறுநாள் அக்கா பதிவு கவுண்டருக்குப் போய், விலாசத்தை எடுத்துவிட்டு ஊர்ப் பேரைப் போடச் சொன்னாள். தையல்காரி பதறிப்போனாள். ஊர்ப் பேரைப் போட்டால் இங்கே மருந்து கிடைக்காதே என்று கவுண்டர் பெண்ணும் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அக்கா கேட்டால்தானே!

பஸ் ஸ்டாண்டில் தையல்காரி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னும் கொஞ்ச நாள் மருந்து ஏறினால் பிழைத்துக்கொள்வாய் என்று டாக்டரே சொன்னாரே, போகாதே என்று கெஞ்சினாள்.

"மத்தவங்களைப் போகச் சொல்ல நமக்கு உரிமை இல்லடி. நான் போகலாம்" என்றாள் அக்கா. "நம்ம ஊர்லயும் ஒருத்திக்கு இருந்துச்சுன்னு கணக்குல ஏறட்டும். என் பொண்ணுக்காவது நேரத்துல பார்த்துச் சொல்ல ஒரு இடம் வரும். தெருவுல கேட்டா நீ துரத்திட்டேன்னே சொல்லிடு. உண்மையைச் சொன்னா மருந்து எடுத்துக்கிட்டு இருக்குறவங்க மாட்டிக்குவாங்க."

வட்டார ஆஸ்பத்திரியில் அவள் முறை வரவேயில்லை. வலியில் துடித்துத் துடித்துத்தான் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து திரும்பிய தையல்காரி வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊர்ப் பேருக்கு நேராக அக்கா ஒருத்தியாவது ஏறியிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அழுது தீர்த்த பிறகு அவளுக்கு மிச்சமிருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

கவுண்டர் பெண் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். வாயைத் திறக்கவே விடாமல் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கவலைப்படாதீங்கக்கா. அன்னிக்கு அவங்க ஏதோ மனசு வெறுத்துப்போய்ச் சொன்னாங்க, நான் மாத்தவே இல்லை. உங்க வீட்டு விலாசத்துலயேதான் வெச்சிருக்கேன், மருந்தும் அவங்க பேர்ல அப்படியே இருக்கு. எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"