வற்றாத பலூன்

போடியில் பூமாரி செய்யும் நூல் விளக்குக் கூடுகளுக்கு நல்ல கிராக்கி. பலூனை ஊதிக் கட்டி, பசையில் முக்கிய நூலை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவாள். நூல் காய்ந்து விறைத்ததும் பலூனை உடைத்து உருவிவிட்டு, உள்ளே பல்பைத் தொங்கவிடுவாள். ஐப்பசியில்தான் தொல்லை. ஈரக்காற்றில் நூல் காய நான்கு நாளாகும். பலூனோ இரண்டாம் நாளே வற்றி, கூடும் ஒடுங்கிப்போகும்.

எழுபத்தேழாம் வருஷ ஐப்பசியில், பெரியகுளத்துக் கல்யாண வீட்டுக்காகச் சுற்றிய பலூன் மூன்றாம் நாளும் கல்லுப்போல இருந்தது.

“நீங்களா ஊதுனீக?” என்று கணவர் வைகுண்டராஜிடம் கேட்டாள்.

“எனக்கு வேற சோலி இல்லையா? நீயே ஊதிட்டு என்னயக் கேக்குற.”

அவள் நம்பவில்லை. பலூனின் முடிச்சுக்கு மேல் பச்சை நூலால் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் திறந்தபோது பலூன் இன்னும் பெருத்திருந்தது. பச்சை நூல் அவிழ்ந்து தரையில் கிடந்தது. பலூனின் வாயில் வெற்றிலைச் சாறு ஈரம் காயாமல் சிவந்திருந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருவருக்கும் வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

“உடச்சுப்புடு, புள்ள,” என்றார் வைகுண்டராஜ், அறைக்குள் வராமல்.

நூல் நன்றாகக் காய்ந்திருந்தது. பூமாரி ஊசியோடு குனிந்தாள். ஊசிமுனை தொடுவதற்கு முன்பே, டாக்டர் ஊசியைக் கண்ட வயிறுபோல, பலூன் அந்தப் பக்கம் மட்டும் மெல்ல உள்வாங்கியது.