மின்னாத வண்டு

மங்கலாக இருந்தால் கொல்ல வேண்டும். மின்னினால் விட வேண்டும்.

கத்திரி இலையை அவள் திருப்பினாள். மங்கல். வழித்துச் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டாள்.

அடுத்த இலை. மின்னியது. விட்டாள்.

இரண்டும் பொறிவண்டுதான். ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட பங்காளிகள். அதே சிவப்பு, அதே கறுப்புப் புள்ளி. மின்னுவது கொழுந்தில் அப்பும் அசுவினிப் பூச்சியைத் தின்று செடியைக் காக்கும். மங்கல் இலையையே சுரண்டிச் சல்லடையாக்கும்.

வேளாண் ஆபீசில் காய்ந்த இலையைக் காட்டியபோதுதான் இது தெரிந்தது. இன்று காலையில்.

அதுவரை எல்லாப் பொறிவண்டும் நல்லது என்றே நம்பியிருந்தாள். மருந்தடிக்க வேண்டாம் என்று புருஷனை மல்லுக்கட்டி நிறுத்தியவளும் அவள்தான். தோட்டம் பாதி போய்விட்டது. இனி எந்த வாயால் தடுப்பது?

கிணற்றடியில் அவர் மருந்தடிக்கிற டேங்க்கை அலசும் சத்தம் கேட்டது.

போன வருஷம் மருந்தடித்துவிட்டு வரப்பிலேயே விழுந்தார். வாயில் நுரை. இன்னொரு தடவை இந்த வாடை பட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். அது அந்த மனுஷன் காதில் ஏறினால்தானே!

வண்டே இல்லை என்று காட்டினால் நிறுத்துவார். வேறு வழியில்லை.

குனிந்தபடியே செடிக்குச் செடி ஓடினாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

இன்னும் நாலு பாத்தி இருந்தது. பொழுது இறங்கிவிட்டது.

இலையைத் திருப்பினாள். வண்டு இருந்தது.

மின்னுகிறதா?

கண்ணருகே கொண்டுபோனாள். தெரியவில்லை. இருட்டில் எது மின்னும்?

கிணற்றுப் பக்கம் அவர் இருமினார். டேங்க் முதுகில் ஏறிவிட்டது.

அவள் அழுதுகொண்டே வழித்தாள். எதையும் பார்க்கவில்லை. கையில் அகப்பட்டதெல்லாம் டப்பாவுக்குள் போயிற்று.

அவர் டார்ச்சோடு வந்தார். இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு வண்டுகூட இல்லை.

"சரி விடு புள்ள. இன்னைக்கு வேணாம்."

டேங்க்கை இறக்கி வைத்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டப்பாவுக்குள் வெளிச்சம் அடித்தார். தண்ணீரில் நனைந்து எல்லா வண்டும் மின்னின. அவளால் பார்க்க முடியவில்லை.

டார்ச் மெல்ல மேலே எழுந்து, அசுவினி அப்பியிருந்த கொழுந்துப் பக்கம் திரும்பியது.

அவள் உள்ளங்கையால் வெளிச்சத்தைப் பொத்தினாள்.