ஒரு தட்டு

காடு மேடு ஏறுகிற புது ஜீப். வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. பின்பக்கம் 'டங்' என்று தட்டுகிறதாம்.

சஸ்பென்ஷனைப் பார்த்தேன். ஸ்டெப்னி நட்டை இறுக்கினேன். ஜாக்கியைக் கழற்றி வெளியே வைத்தேன். ஸ்டீரியோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை, அதையும் அடைத்தேன். என் ஷெட்டில் எவ்வளவு ஓட்டியும் வண்டி மூச்சு விடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"வீட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும்தாண்ணே வருது," என்றார் வண்டிக்காரர். சர்வேயர் வேலை அவருக்கு.

சரியென்று அவர் வீட்டுக்கே போனேன். வாசலுக்கு எதிரே பெரிய பள்ளம். அவர் பின்னால் எடுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டங்.

அவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. நான்கு தடவை எடுத்தோம். நான்கு தடவையும் அதே ஒரு சாணில் ஒரு தட்டு.

அவர் என்ஜினை அணைத்தார். "பழைய வண்டிக்கு என் சம்சாரம்தான் பின்னாடி நின்னு தட்டுவா. ரெண்டு தட்டினா வரலாம். ஒண்ணுன்னா நிறுத்தணும்."

என் வாய் சும்மா இருந்ததா? "ஒரு ஸ்டீரியோ மாட்டி, பாட்டைச் சத்தமா வச்சுக்குங்க சார். காதுல விழாது."

"அவ போய்ச் சேர்ந்த அன்னிக்கும் அப்படித்தாண்ணே வச்சிருந்தேன். அவ தட்டினது கேக்கல."

நான் கீழேதான் நின்றிருந்தேன். வண்டிக்குப் பின்னால் யாருமில்லை. அங்கிருந்து மெதுவாக இரண்டு தட்டு கேட்டது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.