தினமும் ஒரு ஆட்டம்

ஆன்லைனில் தனியாக செஸ் சொல்லித் தரும் மூன்று பேரிடம் பேசிவிட்டு, மூவரையும் வேண்டாம் என்று கழித்துவிட்டாள் மருமகள். இப்போது திரையில் நான்காமவர்.

“கிளாஸ் யாருக்குங்க, குழந்தைக்கா?”

“எனக்குத்தான் சார். மாமனாரோட தினமும் ஒரு ஆட்டம் ஆடுவேன். பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவரை எழுந்து உட்கார வைக்கிறதே அந்த போர்டுதான். நேத்து பாதி ஆட்டத்துல கோபிச்சுக்கிட்டு, இனிமே உன்னோட ஆட மாட்டேன்னு மூடி வச்சிட்டார்.”

“கவலைய விடுங்க. மூணே மாசத்துல அவரை நீங்க ஜெயிச்சிடலாம்.”

“ஐயோ, அந்த மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க! நான் காலேஜ் சாம்பியன் சார். வேணும்னேதான் தோப்பேன், நேத்து கையும் களவுமா பிடிச்சிட்டார். சந்தேகம் வராம தோக்கறதுக்குச் சொல்லித் தருவீங்களா?”

திரையில் இருந்தவர் எழுந்துபோய்த் தன் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“என் மாமியார்கிட்ட பதினோரு வருஷமா தோத்துக்கிட்டிருக்கேம்மா.”

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. “மாப்பிள்ளை, காயெல்லாம் அடுக்கி வச்சாச்சு. இன்னிக்காவது ஜெயிக்கப் பாருங்க!”

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“சார், நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்.”