சிவப்பு நூல் கட்டிய ஊசி

“முப்பது வேண்டாம். அறுபதே போட்டுடு, ஹூயி” என்றாள் மஜெல்லா.

கராஜ்காரன் ஹூயியின் கையிலிருந்த டீக் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. தன் காருக்குப் பஞ்சர் ஒட்டி முடிவதற்காகப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்த தோழி அட்ராக்டா வாயைப் பிளந்தாள்.

டோனகல் மாவட்டத்துப் பையன்கள் ரெண்டு கதவு கூப்பே கார் ஒன்றை வாங்கியதும் செய்கிற முதல் வேலை, ஸ்பிரிங்கை மாற்றி அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவதுதான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் பெற்ற தாயே கூட வந்து, இருப்பதிலேயே அதிகமாகத் தாழ்த்துகிற ஸ்பிரிங்கைக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அதுவும் மஜெல்லா! மூத்தவன் யூனனைக் கார் விபத்தில் பறிகொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

“அம்மா, அறுபது மில்லிமீட்டர் தாழ்த்தறது சும்மா ஷோவுக்கு” என்றான் இளையவன் ஃபெர்கல். “நிஜமா ஓட்டறவனுக்கு முப்பதுதான். வளைவுல எவ்வளவு வேகமாப் போனாலும் கார் ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும்.”

வளைவு என்றதும் மஜெல்லாவின் முகம் வெளுத்துப்போனது. கைப்பையைத் திறந்து ஒரு பின்னல் ஊசியை எடுத்தாள். அதன் நடுவில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். குனிந்து, காரை ஒட்டித் தரையில் ஊசியை நிறுத்தினாள்.

“காரோட அடிப்பாகம் இப்ப இவ்வளவு உசரத்துல இருக்கு. முப்பது போட்டா எங்க வரும்?”

ஹூயி ஊசியில் விரல் வைத்துக் காட்டினான். நூலுக்குக் கொஞ்சம் மேலே.

“அறுபது போட்டா?”

விரல் நூலைத் தாண்டிக் கீழே இறங்கியது.

“அதுதான். அதையே போடு.”

“நல்லா இருக்கே! காருக்கு ஸ்வெட்டர் பின்னப் போறாளா?” என்று அட்ராக்டா முணுமுணுத்தாள்.

ஹூயி பள்ளிக்கூடத்தில் மஜெல்லாவோடு படித்தவன். அந்த உரிமையில் சொன்னான்: “இதை வித்தா எனக்கு லாபம்தான் மஜெல்லா. ஆனா கொஞ்சம் கேளு. ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாத்தணும். வேகத்தடை வந்தா நத்தை மாதிரி ஏறி இறங்கணும். மேடு பள்ளம் எதுவும் ஆகாது.”

“எதெது மாத்தணுமோ மாத்து.”

கரும்பு தின்னக் கூலியா? ஃபெர்கல் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

“பசங்க பார்த்தா பொறாமையில செத்தே போவானுங்க!” என்று கத்தியவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நான்... காரைப் பின்பக்க ஷெட்டுக்குக் கொண்டு போறேன்” என்று நழுவினான்.

கார் நகர்ந்ததுதான் தாமதம், அட்ராக்டா பிடித்துக்கொண்டாள்.

“பெத்தவதானா நீ? கல்லறையில உன்னைத் தாங்கிப் பிடிச்சவ நான். ஒருத்தனை மண்ணுல வெச்சது பத்தலையா? இவனுக்கும் கேட்ட பொம்மையை வாங்கித் தர்றியே! என் பையன் டாராவைப் பாரு. ஞாயித்துக்கிழமை பூசைக்குத்தான் காரை எடுப்பான். பத்து மணிக்கெல்லாம் குறட்டை விடுவான். வளர்க்கற விதத்துல இருக்கு!”

ஹூயிக்கும் மனசு கேட்கவில்லை. “அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு மஜெல்லா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே, யூனன்கிட்ட” என்றாள் மஜெல்லா. “காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். சாவியை ஒளிச்சு வெச்சேன். வேற சாவி பண்ணிக்கிட்டுப் போனான்.”

ஊசியில் இருந்த நூலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“நேத்து சதுப்பு ரோட்டுக்குப் போனேன். யூனன் உயிர் போன அந்த வளைவுக்கு. ஒத்தைக் கார் போற ரோடு. நடுவுல கல்லும் மண்ணும் புல்லுமா ஒரு மேடு ஓடுது பாரு, அதுகிட்ட இந்த ஊசியை நிறுத்தி அளந்தேன். இந்த நூல்தான் அதோட உசரம்.”

ஹூயி அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தான். கோப்பை கைதவறிக் கால்மேல் டீ கொட்டியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“அப்படின்னா... அறுபது போட்டா, இவன் கார் அந்த ரோட்டுல நுழையவே முடியாது. அடிப்பாகம் கிழிஞ்சிடும்.”

“அம்மா அழுதா அவனுக்கு உறைக்காது. கார்ல ஒரு கீறல் விழுந்தா அவனே அழுவான்.”

அட்ராக்டாவின் குரல் இறங்கியிருந்தது. “யூனன் போனதுக்கு அப்புறமுமா அங்க போறானுங்க?”

“சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டு ஜன்னல்ல வந்து நில்லு. ரேஸ் நடக்கறது நல்லாத் தெரியும். போன வாரம் ஃபெர்கல் முன்னால, டாரா பின்னால.”

“எந்த டாரா?”

“உன் டாராதான். முன்னாடியே சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

அட்ராக்டா நம்ப முடியாமல் ஹூயியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது!

அவள் காரில் பஞ்சர் ஒட்டி முடித்துவிட்டார்கள். வேலையாள் வந்து சாவியை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. எழுந்து மஜெல்லாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மஜெல்லா... அந்த ஊசியைக் கொஞ்சம் குடேன்.”