பாதைக்கு ஒரு பொதுப்பெயர்

அழிக்க வேண்டியது ஒரே ஒரு பெயர். அவள் விரல் விசையின் மேலேயே நிற்கிறது.

தணிகை.

நிரலில் எங்கே தேடினாலும் அவன்தான் வருகிறான்.

குழுவில் எல்லோருக்கும் பொதுவான கோப்புகள் அவன் கணினியில், அவன் பெயரிட்ட கோப்புறையில் இருக்கின்றன. வேலை தொடங்கியபோது வசதிக்காக அங்கே வைத்தான். அவன் பெயர் அடங்கிய அந்தப் பாதையையே நிரலிலும் அப்படியே எழுதினான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றான். சோம்பேறி.

அவள் அப்போதே திட்டினாள்.

"நான் லீவு போட்டா நீங்க எல்லாம் என்னைத் தேட வேணாமா?" என்று சிரித்தான்.

இப்போது தேடுகிறார்கள்.

மூலையில் அவன் மேசை. நாற்காலியை யாரோ இழுத்துப் போய்விட்டார்கள். கணினியை மட்டும் யாரும் தொடவில்லை. அணைத்தால் எல்லோர் வேலையும் நின்றுவிடும். அணைக்காதீர்கள் என்று அதில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.

இங்கே யார் நிரலை ஓட்டினாலும் அங்கே பச்சை விளக்கு துடிக்கும்.

அவன் விபத்தில் போன மறுநாளும் துடித்தது.

சாவு வீட்டுக்கு அலுவலக வேனில்தான் போனாள். மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். அவன் அம்மா அவளை யாரென்று கேட்கவில்லை. வேன் கிளம்பும்போது அவளும் ஏறிக்கொண்டாள்.

தை பிறக்கட்டும், வீட்டில் சொல்கிறேன் என்றிருந்தான். அதையும் தள்ளித்தான் போட்டான். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டை மட்டும் முன்கூட்டியே நடந்துகொண்டிருந்தது.

"அந்த மெஷினை எடுக்க ஆள் வந்தாச்சும்மா," என்கிறார் குழுத் தலைவி ஜெசிந்தா. "பாத் வேரியபிள் போட்டுட்டா சொல்லு, அணைச்சிடலாம்."

வேலை எளிதுதான். நிரலில் அவன் பாதைக்குப் பதிலாக ஒரு பொதுப்பெயர். அது எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை அவரவர் கணினியில் அவரவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது.

விசையை அழுத்துகிறாள்.

மறுபடி தேடிப் பார்க்கிறாள். எங்கும் இல்லை.

கோப்புகளை எல்லோருக்கும் அனுப்புகிறாள். ஒவ்வொரு மேசையாக, ஓடுகிறது என்று குரல் வருகிறது. மூலையில் விளக்கு துடிக்கவில்லை.

ஜெசிந்தா போய் அணைக்கிறார்.

சத்தம் நின்ற பிறகுதான் இத்தனை நாளும் ஒரு சத்தம் இருந்தது தெரிகிறது. அவளுக்கு எழுந்து ஓடிப்போய் அதை மறுபடி போட வேண்டும் போலிருக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறாள். ஆட்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போகிறார்கள். தாள் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது.

"உன்னோடது ஓடுதாம்மா?"

அவள் தன் கணினியில் இன்னும் இடம் எழுதவில்லை.

தன் பெயரில் இருக்கும் கோப்புறையைத் திறக்கிறாள். அதற்குள் புதிதாக ஒன்றை உருவாக்குகிறாள். கணினி பெயர் கேட்கிறது.

தட்டுகிறாள். அதையே பாதையாக எழுதி, ஓட்டுகிறாள்.

திரையில் வரிகள் விரைகின்றன. ஒவ்வொரு வரியிலும் முதலில் அவள் பெயர். அதையடுத்து அவன் பெயர்.

"ஓடுது மேடம்," என்கிறாள், திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டே.